பாலத்துக் காவலன்

பிற்பகல் மூன்றே காலுக்கு அண்ணன் மறுபடியும் பாலத்தை மூடினான். உதடுகளை இறுக்கிக்கொண்டு, எலும்பாய்ப்போன கையைக் கட்டிலின் குறுக்கே நீட்டினான். மருந்தை உறிஞ்சி வைத்திருந்த சின்னக் குழாயோடு தங்கை அப்படியே நின்றாள்.

"யார் நீர்? எங்கிருந்து வருகிறீர்?"

"நான்தாண்ணா. வாயைத் திற. வலி போயிடும்."

கை இறங்கவில்லை.

இரண்டு மணிக்கே நாக்கின் அடியில் விட்டிருக்க வேண்டிய மருந்து. காலையில் வந்துபோன நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். நேரம் தவறினால் வலி ஏறிவிடும். அதற்காக வாயைப் பிடித்துத் திறந்து ஊற்றிவிடவும் கூடாது, புரையேறிவிடும். அண்ணனின் முழங்கால்கள் வயிற்றை நோக்கி மடங்க ஆரம்பித்திருந்தன. நெற்றியெல்லாம் வியர்வை.

அவள் சமையலறைக்குப் போனாள். அறைக்குத் திரும்பினாள். மறுபடியும் சமையலறைக்குப் போனாள். பஸ் டிப்போவில் வண்டிகளுக்கு நேரம் குறித்து அனுப்புகிற வேலை அவளுக்கு. ஒரு வண்டி கொஞ்சம் தாமதித்தாலே கால் ஓரிடத்தில் நிற்காது.

"என்னையும்தான் கேட்டாரு," என்றாள் அண்ணி. "உங்க பொண்டாட்டின்னேன். 'அம்மணி, அப்படி ஒருவரை நான் அறியேன்'ங்கிறாரு." சிரித்தாள். கழுவின டம்ளரையே திரும்பக் கழுவினாள். "அம்மணியாம். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஏய், இந்தா, அவ்வளவுதான்."

"ராணின்னோ வேலைக்காரின்னோ எதையாவது சொல்லி மருந்தைக் குடுத்திருக்கலாம்ல அண்ணி?"

"அவரு போற நேரத்துலயாவது நான் நானா இருக்கக் கூடாதா?"

தங்கை அறைக்குத் திரும்பினாள்.

ஒரு காலத்தில் சனிக்கிழமை மத்தியானமானால் இந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஐந்து பேர் கதை விளையாட்டுக்கு உட்காருவார்கள். லிஃப்ட் பழுதுபார்க்கிற அண்ணன் கதையை நடத்துவான். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேடம். மந்திரவாதி, திருடன், இளவரசி. இருபது முகப் பகடை சண்டைக்கு மட்டும்தான். மற்றதெல்லாம் பேச்சு. வேடத்துக்குள் இருக்கும்வரை ஏட்டுத் தமிழ். "டீ ஆறுது" என்று யாராவது சொன்னால் வெளியே வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். கதையில் வழியில் எதிர்ப்படுகிற எல்லாரும் அண்ணன்தான். அதில் அவனுக்குப் பிடித்தவன் பாலத்துக் காவலன். காவலன் காசு வாங்க மாட்டான். யார், எங்கிருந்து, எதற்கு என்று கேட்பான். காது கொடுத்துக் கேட்கிற மாதிரி பதில் சொன்னால் விடுவான்.

பிறகு ஒவ்வொருவராகக் கம்ப்யூட்டர் விளையாட்டுக்குப் போனார்கள். அண்ணனும் போனான். அங்கேயும் ஒரு பாலத்தைத் தேடிப் பிடித்து நின்றான். பேச்சைத் தாண்டிப்போக ஒரு பொத்தான் இருந்தது. ஜனங்கள் அதை அழுத்திப் பழகியிருந்தார்கள். அவனைத் தாண்டி ஓடினார்கள். சிலர் அவனை விளையாட்டோடு வந்த பொம்மை என்று நினைத்து, பரிசு ஏதாவது விழுமா என்று தட்டித் தட்டிப் பார்த்தார்கள். மேசையில் மிஞ்சினவர்களும் மாறிப்போனார்கள். "காவலனைச் சம்மதிக்க வைக்கிறேன், பதினெட்டு," என்று பகடையில் விழுந்த எண்ணைச் சொல்லிவிட்டு போனைப் பார்ப்பார்கள். கடைசியில் மேசையைத் திரும்பச் சாப்பாட்டுக்கே விட்டாகிவிட்டது.

அவள் மந்திரவாதிக்குப் போன் போட்டாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். இந்த வீட்டில் அவருக்கு வேறு பெயர் கிடையாது. கூரையில் பயிற்சிப் பலகையோடு கார் வந்து நின்றது.

"மச்சான்," என்று கட்டிலருகே குனிந்தார்.

கை நீண்டது. "யார் நீர்?"

மந்திரவாதி தங்கையைப் பார்த்தார். "நான்தான்டா. மந்திரவாதி."

"எத்தனையோ மந்திரவாதிகள் வருகிறார்கள். எங்கிருந்து? எதற்கு?"

"அட, அப்படியெல்லாம் பேசி எவ்வளவு வருஷமாச்சு. வாயில வர மாட்டேங்குதும்மா." சட்டைப் பையைத் துழாவிப் பகடையை எடுத்தார். மருந்துத் தட்டில் உருட்டினார். முகம் மலர்ந்துவிட்டது. "இருபது! மச்சான், இருபதுடா! இதுக்கு மேல எண்ணே கிடையாது. நீ விட்டே ஆகணும். ரூல்!"

"எண் யாருக்கு வேண்டும்?" என்றான் அண்ணன். சொல்லிவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினான்.

மந்திரவாதி பகடையை எடுத்துக்கொள்ளாமலே ஹாலுக்குப் போய்விட்டார்.

அவள் குழாயை எடுத்துக்கொண்டு அறைக்கு வெளியே போனாள். கொஞ்சம் நின்றாள். உள்ளே வந்தாள்.

"யார் நீர்?"

"நான் வண்டிகளை அனுப்புகிறவள்." பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் ஒப்பிக்கிற குரல்.

"எங்கிருந்து வருகிறீர்?"

"ஒரு வண்டி வழியில் நின்றுவிட்டது. அதனால் நடந்தே வந்தேன்."

"வெகு தூரமோ?"

"பக்கத்து ரூம்லேர்ந்து…" நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அடுத்த அறையிலிருந்து."

அண்ணன் யோசித்தான்.

"தூரம்தான்," என்றான்.

கை இறங்கியது. வாய் திறந்தது. நாக்கின் அடியில் சொட்டுச் சொட்டாக விட்டாள்.

முழங்கால்கள் மெல்ல நீண்டன. அன்று முதல் தடவையாக அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தும் ஒரு பாதம் தாளம் போட்டபடியே இருந்தது. அதைக் கையால் அழுத்திப் பிடித்தாள்.

"சற்றே அயர்கிறேன்," என்றான் அண்ணன். "பாலத்தைப் பார்த்துக்கொள்ளும்."

"பார்த்துக்கொள்கிறேன்."

கண்ணை மூடிக்கொண்டான். தூங்கிவிட்டான் என்றுதான் நினைத்தாள்.

"சும்மா நம்பரைச் சொன்னா விட்றாத," என்றான். "யாருன்னு கேளு. உனக்குப் பொறுமையே கிடையாது."

"அண்ணா?"

மூச்சு மட்டும் விட்டு விட்டு வந்தது. அவள் எழுந்துபோய் அண்ணியைக் கூட்டிவந்தாள். அண்ணி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கணவனின் நெற்றியைத் துடைத்தாள். "நான்தாங்க," என்றாள். மூடிய இமைகளுக்குள் ஏதோ அசைந்த மாதிரி இருந்தது. கேள்வி ஒன்றும் வரவில்லை.

மூச்சுகளுக்கு இடையில் நேரம் கூடிக்கொண்டே போனது. சுவரிலிருந்த வெயில் தரைக்கு இறங்கியது. ஒரு மூச்சுக்குப் பிறகு இருவரும் அடுத்ததற்குக் காத்திருந்தார்கள். வெகுநேரம் காத்திருந்தார்கள்.

அண்ணி அவனுடைய கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்தாள். விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிவிட்டாள்.

ஹாலில் நாற்காலி நகர்ந்தது. மந்திரவாதி கார்ச் சாவியைப் பிடித்தபடி வாசலுக்கு வந்தார். உள்ளே பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. ஒரு காலை உள்ளே வைத்தார்.

தங்கை எழுந்து வந்தாள். கதவு நிலையின் குறுக்கே கையை நீட்டினாள்.

"யார் நீர்?" என்றாள். "எங்கிருந்து வருகிறீர்?"