காரில் ஏறாத சாப்பாட்டுப் பை

எங்கள் வீட்டில் எனக்குப் ‘பைக்காரி’ என்று பெயர். வைத்தவர் என் வீட்டுக்காரரின் அண்ணன் கைலாசம். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு இந்திராணி என்றால் இப்போது தெரியாது, பைக்காரி என்றால்தான் தெரியும். சொல்லிவிட்டுப் போகட்டும். ஏலகிரி மலை ஏறும்போது குமட்டிக்கொண்டு வந்ததே, அப்போது “கவர் எங்கமா, கவர் எங்கமா” என்று இந்தப் பைக்காரியிடம்தான் கை நீட்டினார் அதே கைலாசம்.

நான் தைக்கிற பை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பட்டுக்கடைக்காரர்கள் கொடுக்கிற துணிப் பைகள் வீட்டில் குவிந்து கிடக்கும். அவற்றைப் பிரித்து, அளவு பார்த்து வெட்டி, ஜிப் வைத்துத் தைப்பேன். எங்கள் தறியில் மிச்சமாகிற பட்டு நூலை முறுக்கி ஒவ்வொரு பைக்கும் ஒரு நிறத்தில் கயிறு கட்டுவேன். மருந்து மாத்திரைக்குச் சிவப்பு. தாம்பூலம், பூ, பழத்துக்கு மஞ்சள். சார்ஜர், சீப்பு, மூக்குக் கண்ணாடிக்கு நீலம். சாப்பாட்டுக்குப் பச்சை. முன் சீட்டின் முதுகில் மாட்டுவதற்கு அறை அறையாகத் தைத்த ஒரு தொங்கு பையும் உண்டு. கார் ஓடும்போது தண்ணி எங்கே, தைலம் எங்கே என்று யாரும் கூச்சல் போட வேண்டியதில்லை. சின்னப் பிள்ளைகூட நிறத்தைப் பார்த்து எடுத்துவிடும்.

அப்படி எல்லாருக்கும் புரிகிற மாதிரி செய்து வைத்ததுதான் என் தப்பாம். அதைத்தான் சொல்ல வந்தேன்.

என் மகள் அகிலாவுக்கு ஆரணியிலிருந்து ஒரு வரன் வந்தது. எங்களைப் போலவே நெசவுக் குடும்பம். பையன் வந்து பெண் பார்த்துவிட்டுப் போனான், அகிலாவும் அவனும் போனில் பேசினார்கள், குறை ஒன்றும் இல்லை. அடுத்ததாக நாங்கள் போய் மாப்பிள்ளை வீடு பார்க்க வேண்டும். அகிலா செய்யாறு சிப்காட்டில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். கல்யாணத்துக்கு அப்புறமும் வேலையை விடப்போவதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டாள்.

“அம்மா, பையன் வேலைக்குப் போன்னுதான் சொல்றாரு. வீட்ல இருக்கறவங்க என்ன நெனைக்கறாங்கனு எனக்குத் தெரியாது. நான் லேட்டா வந்தா மூஞ்ச தூக்குவாங்களா, சோறு எடுத்து வைப்பாங்களா, அதெல்லாம் நீ போய் உக்காந்து பாத்தா உனக்குத் தெரிஞ்சிரும். நீ சரின்னா எனக்குச் சரி. வேற யாரு சொன்னாலும் நான் ஒத்துக்க மாட்டேன்,” என்றாள்.

அவ்வளவு பெரிய பொறுப்பை என் தலையில் வைத்துவிட்டாள். இரண்டு நாளாக எனக்குத் தூக்கமே இல்லை. அந்த அம்மாவிடம் என்ன பேசுவது, எதைக் கேட்பது, சமையல்கட்டுக்குள் எப்படி நுழைவது என்று அதே நினைப்பு.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீடு பார்க்கப் போன இடத்தில் காபி குடிக்கலாம், பலகாரம் தின்னலாம். இலை போட்டு உட்கார்ந்து கை நனைக்கக் கூடாது. சாப்பாட்டில் கை வைத்துவிட்டால் எங்களுக்குச் சம்மதம் என்று அர்த்தம். அப்புறம் பேச்சு மாறினால் ஊரே காறித் துப்பும். அதனால்தான் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போவது. விடியற்காலையில் எழுந்து மந்தாரை இலையில் மிளகு சீரகம் போட்ட இட்லி, புளியோதரை, தயிர்சாதம், மாவடு எல்லாம் செய்து பச்சைக் கயிறு பையில் அடுக்கினேன். இலையும் வைத்தேன், கை கழுவத் தனித் தண்ணீரும் வைத்தேன். வழியில் ஏதாவது மரத்தடியில் வண்டியை நிறுத்திச் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்பது ஏற்பாடு.

கார் வந்தது. என் வீட்டுக்காரர், கைலாசம், பங்காளிகள் என்று ஆள் கணக்குச் சரியாக இருந்தது. எனக்கு நடு சீட்டில் ஓர் இடம். நான் உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு, தலையில் பூ வைத்துக்கொண்டு வெளியே வந்தால் என் இடத்தில் துரைக்கண்ணு உட்கார்ந்திருக்கிறார்! பக்கத்துக் கூரம் கிராமத்துக்காரர், கட்சிக்காரர், கைலாசத்தின் சிநேகிதர். எங்களுக்கு உறவும் இல்லை, பங்காளியும் இல்லை.

“என்ன மாமா, இவரும் வராரா?” என்று கைலாசத்தைக் கேட்டேன்.

“ஆமாம்மா. பேச்சு வார்த்தைக்கு நாலு பெரிய மனுசன் கூட இருந்தாதான் ஒரு மரியாதையா இருக்கும். நீ ஏம்மா இந்த வெயில்ல அலையற? அதான் எல்லாத்தையும் பை பையா போட்டு வச்சிருக்கியே. எது எங்க இருக்குதுன்னு எங்களுக்கே தெரியுது. நீ வந்து என்ன பண்ணப் போற?”

எனக்கு நெஞ்சுக்குள் பற்றிக்கொண்டு வந்தது. வந்து என்ன பண்ணப் போகிறேனா? நான் என்ன தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறதற்கா வருகிறேன்? பெற்றவள் ஐயா நான்!

என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் பெயர் திருஞானசம்பந்தம். பெயர் இருக்கிற நீளத்துக்கு வாய் திறக்க வேண்டாமா? வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி காரின் கண்ணாடியையே துடைத்துக்கொண்டு நின்றார். அண்ணன் எதிரில் அவருக்கு எப்போதும் அப்படித்தான்.

“இந்திரா, போய்ட்டு வந்து எல்லாம் சொல்றேன்,” என்றார் கடைசியில். நல்ல நேரம் போகிறது என்று கைலாசம் அவசரப்படுத்தினார். புறப்படுகிற நேரத்தில் அபசகுனமாக நான் சத்தம் போடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். கார் கிளம்பிவிட்டது.

புகை அடங்கியதும் பார்க்கிறேன், வாசற்படி ஓரத்தில் பச்சைக் கயிறு பை உட்கார்ந்திருக்கிறது. எதிர் வீட்டுப் பொன்னி சொன்னாள்: “செய்யாத்துல தங்கச்சி வீட்டுக்குக் குடுக்கணும்னு அந்தக் கட்சிக்காரரு ஒரு அரிசி மூட்டைய ஏத்தனாரு அக்கா. டிக்கில எடம் பத்தல. உங்க மாமாதான் இந்தப் பைய எடுத்துக் கீழ வச்சாரு.”

அரிசி மூட்டைக்கு இடம் இருக்கிறது. சாப்பாட்டுக்கு இல்லை, எனக்கும் இல்லை. உடனே என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். வண்டி அதற்குள் பாலாற்றுப் பாலம் தாண்டிவிட்டதாம்.

“சாப்பாட்டுப் பைய விட்டுட்டீங்க. திரும்பி வந்து எடுத்துக்கினு போங்க.”

“திரும்புனா சகுனம் சரியில்லன்னு அண்ணன் சொல்றாரு. ஓட்டல்ல பாத்துக்கறோம் இந்திரா.”

“ஓட்டல்லயே சாப்பிடுங்க, பட்டினியாகூட வாங்க. அங்க மட்டும் கை நனைச்சிடாதீங்க. காதுல விழுந்துதா?”

“அது எனக்குத் தெரியாதா!” என்று சலித்துக்கொண்டு போனை வைத்துவிட்டார்.

மத்தியானம் முழுக்கப் போன் போட்டேன், எடுக்கவில்லை. நானும் அகிலாவும் அந்தப் புளியோதரையைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவளுக்கு இறங்கவில்லை. “நீ போவலன்னா எதுக்கும்மா அவங்க போனாங்க?” என்று கேட்டாள்.

பொழுது சாய்கிற நேரத்துக்கு வந்தார்கள். கைலாசம் வெற்றிலையை மென்றுகொண்டே உள்ளே நுழைந்தார். துரைக்கண்ணு வழியிலேயே இறங்கிக்கொண்டாராம். மற்றவர்கள் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

“முடிஞ்சுது! அகிலா, பெரியப்பாவுக்கு ஒரு சொம்பு தண்ணி கொண்டா. வடை பாயசத்தோட அருமையான சாப்பாடு. தை மாசமே வச்சிக்கலாம்னு பேசிட்டோம்,” என்றார்.

“சாப்பிட்டீங்களா? அங்கயா சாப்பிட்டீங்க?” என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன்.

“துரைக்கண்ணு பசி தாங்க மாட்டாராம். அவங்களும் எல போட்டுட்டாங்க. அண்ணன் உக்காந்துட்டாரு. நான் மட்டும் எப்படி நிக்கறது?”

“ஏன், கால் இல்லையா உங்களுக்கு? ஆரணியில ஓட்டலுக்கா பஞ்சம்? ஒரு வாழப்பழம் கூடவா கெடைக்கல?”

கைலாசம் குறுக்கே புகுந்தார். “எங்க மேல ஏன் பாயற? உன் பச்சைக் கயிறு பைய டிக்கி பூரா தேடனோம், காணோம். ஒழுங்கா ஏத்தி அனுப்பத் துப்பில்ல, பேரு மட்டும் பைக்காரி!”

தன் கையால் எடுத்துக் கீழே வைத்த மனுசன், என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு என்னைத் துப்பில்லாதவள் என்கிறார்.

“அரிசி மூட்டைய ஏத்த அந்தப் பைய எறக்கி வச்சது யாரு மாமா? எதிர் வீட்டுப் பொன்னி பாத்துக்கினு இருந்தா, கூப்பிடட்டுமா?”

அவர் முகம் சுண்டிப் போயிற்று. ஆனால் குரல் இறங்கவில்லை. “சரி, நடந்தது நடந்துபோச்சு. கை நனைச்சாச்சு. இனி பேசக் கூடாது. என் வாக்குனு ஒண்ணு இருக்குது.”

அகிலா தண்ணீர்ச் சொம்போடு கதவோரம் நின்றாள். அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. என்னை மட்டும் பார்த்தாள். நீ சரின்னா சரி என்று சொன்னவளுக்கு நான் எதைப் பார்த்துச் சரி சொல்வேன்? இவர்கள் தின்ற வடையைப் பார்த்தா?

“அந்தம்மா எப்படி? இவ வேலைக்குப் போறதப் பத்தி என்ன சொன்னாங்க?” என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

அவர் தலையைச் சொறிந்தார். “அந்தம்மா உள்ள சமைச்சிக்கினு இருந்தாங்க. நாங்க ஆம்பளைங்க கூடத்துல பேசிக்கினு இருந்தோம்.”

அவ்வளவுதான். இதற்கு மேல் என்ன கேட்பது? அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தேன். மாப்பிள்ளை வீட்டு எண்ணைப் போட்டு, எல்லாருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன். “ஏய், என்ன பண்ற?” என்று கைலாசம் எழுந்தார். அதற்குள் பையனின் அம்மா தேவகியே எடுத்துவிட்டார்.

“நான் அகிலாவோட அம்மா பேசறேங்க.”

“சொல்லுங்கக்கா! இப்ப ஜுரம் எப்படி இருக்குது? எழுந்துக்கவே முடியலன்னு பொண்ணோட பெரியப்பா சொன்னாரு. மனசே கேக்கல எனக்கு. உங்களுக்குக் கொஞ்சம் ரசமாவது குடுத்து அனுப்பலாம்னு நெனைச்சேன், அதுக்குள்ள கெளம்பிட்டாங்க.”

நான் கைலாசத்தைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். படுத்த படுக்கையாகக் கிடக்கிறேனாம் நான்! மல்லிப்பூ வைத்துக்கொண்டு வாசலில் நின்றவளை நோயாளி ஆக்கிவிட்டார்கள்.

“எனக்கு ஜுரமும் இல்ல ஒண்ணும் இல்லைங்க,” என்றேன். “கார்ல எடம் இல்லன்னு என்னை எறக்கி விட்டுட்டுப் போய்ட்டாங்க. உங்க சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா பசிக்குச் சாப்பிட்டாங்களே தவிர, என்னையோ என் பொண்ணையோ கேட்டுச் சாப்பிடல. அதைச் சம்மதம்னு எடுத்துக்காதீங்க. தப்பா நெனச்சா நெனச்சிக்குங்க.”

போச்சு, எல்லாம் கெட்டது என்றே நினைத்தேன்.

“அக்கா,” என்றார் தேவகி. “எல போடச் சொன்னாங்க, போட்டேன். அது சம்மதச் சாப்பாடுன்னு என் கிட்டயும் யாரும் சொல்லல. நீங்க பொண்ணை இட்டுக்கினு வாங்க. அடுப்படியில உக்காந்து நாம பேசுவோம். நான் காபிதான் தருவேன். புடிச்சிருந்தா அப்புறம் சாப்பிடலாம்.”

போனை வைத்தேன். “என் மானத்த வாங்கிட்ட,” என்று செருப்பை மாட்டினார் கைலாசம். “என் பொண்ணு வாழ்க்கைய நீங்க விக்கப் பாத்தீங்களே மாமா, ஒரு வேளை சாப்பாட்டுக்கு!” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன். சொல்லாமல் இருந்திருந்தால் என் நெஞ்சு வெடித்திருக்கும்.

அகிலா அப்போதே டிரைவர் விமல்ராஜுக்குப் போன் போட்டு ஞாயிற்றுக்கிழமைக்கு வண்டி வேண்டும் என்றாள். “எத்தனை பேர்னு கேக்கறாரும்மா,” என்று என் பக்கம் திரும்பினாள்.

என் வீட்டுக்காரர் மெதுவாக என் பக்கத்தில் வந்து நின்றார். “இந்திரா, நானும் வரட்டுமா?” என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த மனுசன் என்னிடம் இப்படி ஒரு வார்த்தை கேட்டதில்லை. பாவமாகத்தான் இருந்தது.

“நீயும் நானும், ரெண்டு பேருன்னு சொல்லு,” என்றேன் அகிலாவிடம்.