உள்கோடித் துளை

காசில்லாதவர்களுக்கென்று ஒரு உப்பு வியாபாரி கட்டிவைத்த ஆஸ்பத்திரி அது. பெற்ற பிள்ளை புழுக்கத்தில் மூச்சுமுட்டிச் செத்ததைக் கண்ணால் பார்த்த மனுஷன். பொதுவார்டு கட்டும்போது கூரையை மூணு ஆள் உயரத்துக்குத் தூக்கி, அதன் ஓரம் நெடுக வட்ட வட்டமாகக் காற்றுத்துளை விட்டிருந்தான். சூடு மேலே ஏறி வெளியே போகும். ஜன்னல் வழியே கீழே காற்று வரும்.

இப்போது அதே வார்டு ஏ.சி. போட்டுக் காசுக்காரர்களுக்குப் போகிறது. குளிர் வெளியே ஓடிவிடக் கூடாதென்று துளைகளையெல்லாம் அடைக்கச் சொல்லிவிட்டார்கள். படுத்திருக்கிறவர்களை வேலை முடிந்தபின் வேறெங்கோ மாற்றுவார்களாம்.

அடைக்க வந்த கொத்தனாருக்கு அந்த வார்டு புதுசில்லை. அவன் பெண்டாட்டி அங்கேதான் கிடந்தாள், வாசலோரக் கட்டிலில். பாதி வாழ்நாள் கல்லுடைக்கிற மெஷினடியில் நின்றவள். நெஞ்சு முழுக்கத் தூசு. இந்த வேலை தனக்கு வேண்டாமென்று மேஸ்திரியிடம் இழுத்தான். நீ இல்லாவிட்டால் இன்னொருத்தன், அவன் எந்த முனையில் தொடங்குவானோ என்றார் மேஸ்திரி. அவனுக்குப் புரிந்தது. தானே அடைத்தால், எதைக் கடைசியாக அடைப்பது என்பதாவது தன் கையில் இருக்கும்.

உள்கோடியிலிருந்து தொடங்கினான். செங்கல் வைத்துச் சாந்து பூசப் பூச, கீழே வார்டு அடுப்பாகக் காய்ந்தது. இருமல் சத்தம் சாரத்துக்கு ஏறி வந்து முதுகில் அடித்தது. அந்தக் கட்டில்களில் கிடந்தவர்களுக்கும் புருஷன், பிள்ளை இருப்பார்கள். அவன் செங்கலை மட்டுமே பார்த்தான்.

அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் கிடந்தாள். சாப்பாட்டு நேரத்தில் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் சீண்டினாள்.

"என்ன கொத்தனாரே, வேலை ஆமையா நகருது? நம்ம வீட்டுச் சுவரை ஒரே நாள்ல எழுப்பினீங்களே."

"அதான் ஒரு மழைக்கே படுத்துடுச்சே."

சிரிக்கப் போய் இருமல் பிடித்துக்கொண்டது. ஓய்ந்ததும் தன் தலைக்கு மேலிருந்த துளையைக் கண்ணால் காட்டினாள். "அதையும் அடைச்சிடுங்க. வேலை போயிடப் போகுது."

"நீ பேசாம படு. அது நாளைக்கு."

அந்த ஒன்றுதான் பாக்கி.

மறுநாள் காலையில் வந்தபோது வாசலோரக் கட்டில் காலியாக இருந்தது. விடிவதற்குள் மூச்சு மோசமாகிவிட, கண் பார்வையிலேயே இருக்கட்டுமென்று நர்ஸம்மா அவளைத் தன் மேசைக்குப் பக்கத்தில் மாற்றியிருந்தாள். நல்ல மனசோடு செய்ததுதான். மேசை கிடந்தது உள்கோடியில், அவன் முதலில் அடைத்த துளைக்கு நேர் கீழே.

அவன் போய்ச் சேர்ந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள்.

"ஜன்னலைத் திறங்க, ஜன்னலைத் திறங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க," என்றாள் நர்ஸம்மா. "எல்லா ஜன்னலும் திறந்துதாம்ப்பா இருந்துச்சு."

அவன் அண்ணாந்து பார்த்தான். பூச்சு காய்ந்து வெளுத்திருந்தது, ஒரு பிசிறில்லை. வாசல் கோடியில், அவளுடைய காலிக் கட்டிலின் விரிப்பு காற்றில் அசைந்துகொண்டிருந்தது.

ஏணியை இழுத்து வந்து சாத்தினான். சுத்தியலோடு ஏறினான். யாரும் தடுக்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் மூச்சுக்காக வாயைப் பிளந்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓங்கிய கை அப்படியே நின்றது. அடித்தால் தூசு மொத்தமும் அவள் மேல்தான் கொட்டும்.