ஐவி எத்தனை மணிக்கு உறங்குகிறாள்

படிவத்தில் மொத்தம் இருபத்தாறு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டங்கள்: ஒருபோதும் இல்லை, அபூர்வமாக, சில நேரம், அடிக்கடி, எப்போதும். தெரியாது என்பதற்கு மட்டும் கட்டமே கிடையாது. குவைத்தில் குழந்தைகள் வார்டு நர்ஸாக எட்டு வருடமாக இதே மாதிரிப் படிவத்தைத் தாய்மார்களிடம் நீட்டி வருகிறவள் நான். யாராவது நிரப்பாமல் திருப்பித் தந்தால், "பெத்தவளுக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?" என்று கடுகடுப்பேன். இப்போது கேரளத்தில், எங்கள் ஊர் பாலாவில், டாக்டர் அறை வாசலில் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு நன்றாக வேண்டும்.

என் மகள் ஐவி வகுப்பில் தினமும் மேசைமேல் கவிழ்ந்து தூங்கிவிடுகிறாள் என்று டீச்சர் போன மாதமே எழுதி அனுப்பியிருந்தார். நான் லீவில் வந்து ஒன்பது நாளாகிறது. இந்த ஒன்பது நாளும் என்னைக் கட்டிக்கொண்டு ஒன்பது மணிக்கே உறங்கிவிட்டாள். குறட்டை இல்லை, உளறல் இல்லை. ஆனால் படிவம் கேட்பது கடந்த ஆறு மாதத்தை. பதினொரு மாதக் குழந்தையாக விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினேன், இப்போது அவளுக்கு ஏழு வயது. மனம்போனபடி டிக் போட ஆரம்பித்தேன்.

"எடீ எல்சீ, யாரக் கேட்டு டிக் போடுற?" என்றார் ரோசிலி சேச்சி, என் கணவர் சாபுவின் அக்கா. நானும் சாபுவும் குவைத்தில் இருக்க, ஐவியை வளர்ப்பது அவர்தான். "பக்கத்துப் பேப்பரப் பார்த்து எழுத அவ்வளவு கவுரவக் குறைச்சலா?"

வேறு வழியின்றிக் கேட்டேன். பல் கடிப்பாளா? மாட்டாள். தூக்கத்தில் வேர்க்குமா? "அது எங்க வம்சத்துக்கே வேர்க்கும். போடு." படுத்தபின் உறங்க எவ்வளவு நேரமாகும்?

சேச்சி புடவைத் தலைப்பைச் சரிசெய்தார்.

"எட்டரைக்குப் படுக்க வைப்பேன். நீ எத்தனை மணிக்குக் கூப்பிடுற?"

"குவைத் மணி ஒன்பதுக்கு. இங்க பதினொன்றரை. அதான் தூங்கி எழுந்து பேசுறாளே."

"யாரு சொன்னா? கண்ண மூடிட்டுக் கிடப்பா, அவ்வளவுதான். ஃபோன் தலையணைக்கு அடியில. 'அம்மாயி, மணி எத்தன?'ன்னு எங்கிட்ட பத்து தடவை கேட்பா. தான் எழுந்திருக்கலேன்னா அம்மா கூப்பிடுறத நிறுத்திரும்னு பயம். உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வேற வாங்கியிருக்கா, கள்ளி."

கோபம் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. காலை ஏழிலிருந்து இரவு ஏழுவரை ட்யூட்டி, வார்டை ஒப்படைத்துவிட்டு அறைக்கு வர ஒன்பதாகும். வார்டில் ஃபோன் லாக்கருக்குள் கிடக்கும். காலையில் நான் கிளம்பும்போது அவள் பள்ளிக்கூடத்தில் இருப்பாள். அவள் திரும்பி வந்து பால் குடிக்கும்போது நான் யார் பிள்ளைக்கோ ஊசி போட்டுக்கொண்டிருப்பேன். எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் அந்தப் பதினொன்றரை மட்டும்தான் மிச்சம். வாரத்துக்கு ஒரு நாள் பேசினால் போதும் என்று டாக்டர் சொல்லுவார். நானும் அதையேதான் சொல்லியிருப்பேன், அடுத்தவள் பிள்ளை என்றால். ஞாயிற்றுக்கிழமை எனக்கு விமானம்.

"ஐவி சாபு! படிவம் முடிஞ்சுதா?" என்று கவுண்டரிலிருந்து சிஸ்டர் குரல் கொடுத்தாள்.

மீன் தொட்டியருகே நின்றிருந்த ஐவி ஓடிவந்து என் மடியில் சாய்ந்தாள். படிவத்தை எழுத்துக்கூட்டிப் படித்தாள். நான் டிக் போடாமல் விட்டிருந்த அந்தக் கேள்வியில் அவள் விரல் நின்றது. சேச்சியின் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் முகத்தை. சத்தியம் உடைந்தது தெரிந்துவிட்டது.

என் காதைப் பிடித்து இழுத்து, "அம்மா, ஃபோன் விஷயம் டாக்டர்கிட்ட சொல்லாத. நான் குறட்டை விடுறேன்னு போடு" என்றாள்.

"நீ விடறதில்லையே மோளே."

"விடுவேன். இப்பப் பாரு."

கண்ணை இறுக்கி மூடி, வாயைப் பிளந்து, பெரிய ஆள் மாதிரி குறட்டை விட்டாள். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். சேச்சி சிரிக்கவில்லை. ஐவி ஒரு கண்ணை மட்டும் லேசாகத் திறந்து, என் பேனா எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்த்தாள். மறுபடி மூடிக்கொண்டு, இன்னும் பலமாக விட்டாள்.