ஏழு வயதுக் கை

சாவிக்காரருக்கு ஐம்பத்திரண்டு வயது. அவருடைய இடது கைக்கு ஏழு. முழங்கைக்குக் கீழே பாதி வழி வரை நரைமுடியும் தழும்புமாக இறங்கி வரும் கை, அதற்கப்புறம் மெலிந்து பிஞ்சாகி, நகத்தில் வெள்ளைப் புள்ளியோடு முடியும். காரணம் ஊருக்கே தெரிந்ததுதான். பிறவியிலேயே அவர் இடது கைப் பழக்கக்காரர். கரண்டி, பென்சில், பக்கத்து வீட்டு ஜன்னலை உடைத்த கல், எல்லாவற்றுக்கும் பீச்சாங்கைதான். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று பயந்துபோன அம்மா, அவர் சாப்பிடும்போதும் எழுதும்போதும் அந்தக் கையைத் தன் தலை ரிப்பனால் நாற்காலியோடு கட்டிப்போட்டாள். பிள்ளை வளைந்தான். ஏழாம் வயதில் எல்லாவற்றையும் வலது கைக்கு மாற்றிக்கொண்டான். அன்றோடு இடது கை வளர்வதை நிறுத்திக்கொண்டது. அம்மா ஒரு குளிர்காலம் முழுக்க எண்ணெய் தேய்த்துப் பார்த்தாள். பிறகு, எழுத்தாவது அழகாக வந்ததே என்று தேற்றிக்கொண்டாள்.

படிப்பு முடிந்ததும் அப்பா ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்து, நாலு பேரைப் போல இடது கையில்தான் கட்டவேண்டும் என்றார். அது விரல் வழியாகக் கழன்று விழுந்துகொண்டே இருந்தது. கடிகாரம் பழுதுபார்ப்பவர் வாரில் புதிதாகத் துளைகள் போட்டுக் கொடுத்தார். மிச்ச வார் நாக்கு மாதிரி தொங்கியது. ஆனால் தொழிலுக்கு அந்தக் கை வரப்பிரசாதம். கதவில் கடிதம் போடுகிற துவாரத்துக்குள் நுழைந்து உள்தாழ்ப்பாளை நீக்கிவிடும். சாவியை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டவர்கள் போனில், "அந்தச் சின்னவரையும் மறக்காம கூட்டிட்டு வாங்க" என்றுதான் சொல்வார்கள்.

தொழில் நேரம் போக அதனால் தொல்லைதான். பேருந்தில் அவர் கொஞ்சம் கண்ணயர்ந்தால் போதும், கை பக்கத்திலிருப்பவரின் உள்ளங்கைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஏதோ குழந்தை என்று ஆசையாக மூடிக்கொள்பவர்கள், கையைத் தொடர்ந்து மேலே பார்த்து மீசையைக் கண்டதும் உதறிவிடுவார்கள். ஒரே ஒரு பெண், தையல் கடையில் பொத்தான் தைப்பவள், அவரைக் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று இரண்டு வருடம் யோசித்தாள். கடைசியில், "உங்க கையைப் பிடிச்சா ரோடு தாண்டி விடணும்னுதான் தோணுது" என்று சொல்லி அழுதுவிட்டுப் போனாள். தனிமை பழகிவிடும் என்பார்கள். அவருக்குப் பழகவில்லை.

அம்மாவுக்கு எண்பதைத் தாண்டியதும் மறதி வந்தது. முதலில் அடுப்பை மறந்தாள், பிறகு கணவர் இறந்துபோனதை, கடைசியில் மகனை. முதியோர் இல்லத்தில் அவளுடைய கட்டிலோரம் அவர் அந்நியர் போல உட்கார்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, இடது கை தானாகவே பாக்கெட்டிலிருந்து வெளியே வந்து அவள் மடியில் ஏறியது. அம்மாவின் முகம் மலர்ந்தது. "எப்படா வந்தே? சாப்பிட்டியா?" என்று அதை முத்தமிட்டாள். பிறகு நிமிர்ந்து பார்த்து, "நீங்க யாருங்க? இவனைக் கூட்டிட்டு வந்தவரா?" என்று மரியாதையாகக் கேட்டாள். ஆமாம் என்றார் சாவிக்காரர்.

அதன் பிறகு வாராவாரம் அவளுடைய மகனை அவளிடம் கூட்டிக்கொண்டு போனார். அம்மாவின் கொஞ்சல் எல்லாம் மணிக்கட்டோடு நின்றுவிடும். அதற்கு மேலே உள்ளவருக்கு ஒரு டம்ளர் தண்ணீரும் நன்றியும். சொந்தக் கையைப் பார்த்தே அவருக்குப் பொறாமையாக இருந்தது. ஆனாலும் அந்தக் கை இருக்கும்வரை தான் யாரோ ஒருத்திக்குப் பிள்ளை என்ற நிம்மதியும் இருந்தது. ஒருநாள் அம்மா மணிக்கட்டைத் தடவிக்கொண்டே, "ரிப்பனை ரொம்ப இறுக்கிட்டேனா? போகட்டும்டா கண்ணு. எந்தக் கையால வேணும்னாலும் எழுது, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றாள்.

மறுநாளே கை வளரத் தொடங்கியது. கரண்டியைப் பிடுங்கிக்கொண்டது, சவரம் செய்தது, கோணலாகக் கையெழுத்துப் போட்டது. மாதத்துக்கு நாலைந்து வயது கூடியது. ஒவ்வொரு துளையாக வாரைத் தளர்த்திக் கொடுத்த பழுதுபார்ப்பவர், இனி இடது கைக்காரர்களைப் போலக் கடிகாரத்தை வலது கையில் கட்டிக்கொள்ளச் சொன்னார். சாவிக்காரருக்கும் சந்தோஷம்தான், அம்மா அந்தக் கையை எடுத்துப் புரட்டிப் பார்த்து, "என் பிள்ளை கை இவ்வளவு பெரிசில்லையே" என்று திருப்பிக் கொடுக்கும்வரை. பதறிப்போய்க் கடிகாரத்தைப் பழையபடி இடது கையில் இறுக்கிக் கட்டினார். கையைப் பாக்கெட்டிலேயே வைத்துப் பட்டினி போட்டார். போன வயது திரும்புமா? அந்த வருடம் முடிவதற்குள் அதற்கும் ஐம்பது தாண்டிவிட்டது. இப்போது அவருக்கு இரண்டு கைகளும் ஒரே அளவு, பேருந்தில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவர் நிறுத்தாமல் போகிறார். "இன்னிக்கும் அவனைக் கூட்டிட்டு வரலையா?" என்று அம்மா கேட்பாள். "விளையாடப் போயிருக்கான்மா, வந்துடுவான்" என்பார். பாவம், இந்த மனிதர் எவ்வளவு நேரம்தான் நிற்பார் என்று அவளுக்குத் தோன்றும். நகர்ந்து, கட்டிலில் தன் பக்கத்தில் இடம் கொடுப்பாள். இருவரும் ஜன்னல் வழியாக வாசலைப் பார்த்துக்கொண்டு, அவன் வருவதற்காகக் காத்திருப்பார்கள்.