மூன்றாவது பாட்டுக்கு முன்னால்

பெர்னடின் ஊசியைத் தூக்கிவிட்டு, சீட்டில் மூன்றாவது முறையாக ‘இரைச்சல்’ என்று எழுதினாள். நியூ ஜெர்சியில் இசைத்தட்டு அச்சடிக்கும் அந்தத் தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாக அவளுக்குக் கேட்பதுதான் வேலை. ஐம்பது தட்டுக்கு ஒன்றை எடுத்துக் கேட்க வேண்டும். நடனப் பாட்டோ, தேவாலயப் பாட்டோ, அவள் தேடுவது அதற்கு அடியில் கிடக்கும் கீறலையும் பொரிவையும்தான். வீட்டில் ரேடியோ போடுவதை எப்போதோ நிறுத்திவிட்டாள். இந்தத் தட்டில் மேலே ஓடும் பாட்டும் அடியில் கிடக்கும் பொரிவும் ஒன்றாகவே இருந்தன. முதல் பாட்டிலிருந்தே எல்லாம் கிழிந்து கேட்டது.

மேற்பார்வையாளர் வால்டர் சீட்டைப் பார்த்துவிட்டு மேசையோரம் வந்து நின்றார்.

“இதுக்குப் பேரு பங்க் ராக்காம், பெர்னடின். இந்தக் குழு வாசிக்கிறதே இப்படித்தானாம். இன்னொரு தடவை சும்மா திருப்பி அனுப்பினா, உன்னை உறை போடுற பக்கம் மாத்தணும்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க.”

தட்டுகளை உறையில் போடுவது நாள் முழுக்க நின்று செய்யும் வேலை. அவள் முழங்கால்கள் ஒரு வாரம் தாங்காது.

எது குழுவின் சத்தம், எது தட்டின் பழுது என்று சொல்ல, மதியம் வால்டர் அந்தக் குழுவின் கிட்டார்காரன் மார்வினை அழைத்துவந்து அவளருகே உட்காரவைத்தார். நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதிப் பையன், இருபத்திரண்டு வயதிருக்கும், தூங்காத கண்கள். மற்ற மூவரும் வெளியே வேனில் இருந்தார்கள். வெள்ளிக்கிழமை ஊர் ஊராக வாசிக்கக் கிளம்புகிறார்கள். விற்பதற்கு இந்த முதல் ஆல்பம் கையில் இருந்தாக வேண்டும்.

“இந்த உறுமல்?” தட்டை ஓடவிட்டபடி கேட்டாள்.

“நாங்கதான், மேடம்.”

“இந்தக் கிறீச்?”

“அதுவும் நாங்கதான்.”

“உங்கம்மா இதைக் கேட்டாங்களா?”

“பாதியிலயே அடுப்பைப் பாக்கணும்னு எழுந்து போயிட்டாங்க. அடுப்புல ஒண்ணுமே இல்ல.”

இரண்டாவது பாட்டு முடியும்போதுதான், தான் எதையும் தேடாமல் கேட்டுக்கொண்டிருந்தது அவளுக்கு உறைத்தது. மூன்றாவது தொடங்குமுன் வரும் மௌனத்தில், காய்ந்த குச்சி ஒடிவதுபோல் ஒரு சத்தம் கேட்டது.

“இது?”

“நாங்கதான்,” என்றான் உடனே.

அவள் ஊசியைத் தூக்கிச் சற்றுப் பின்னால் வைத்தாள். மறுபடியும் வைத்தாள். அவன் அவள் கையைப் பார்த்தான்.

“அச்சுல விழுந்திருக்கு தம்பி. எல்லாத் தட்டுலயும் இருக்கும்.”

“புது அச்சுக்கு எத்தனை நாளாகும்?”

“மூணு வாரம். வெள்ளிக்கிழமைக்குக் கிடைக்காது.”

“எங்க சத்தத்துல இதை யாரு மேடம் கண்டுபிடிக்கப்போறா?”

“யாரும் மாட்டாங்க.”

அது உண்மை. சோர்ந்த நாட்களில் இதைவிடப் பெரியதையெல்லாம் அவள் விட்டிருக்கிறாள். இன்றும் விட்டுவிட்டால் முழங்காலுக்கு நல்லது. மூன்றாவது பாட்டு தன்பாட்டில் ஓடி முடிந்தது. இருவரும் கேட்கவில்லை.

“அந்த இடத்தை இன்னொரு தடவை போடுங்க.”

போட்டாள். அவன் கண்களை மூடியிருந்தான்.

“இது நாங்க இல்ல,” என்றான். “நான் சொன்னேன்னே எழுதுங்க.”

அவள் எழுதினாள். அவன் கீழே கையெழுத்துப் போட்டான். இனி வால்டர் அவளை ஒன்றும் சொல்ல முடியாது. நன்றி சொல்ல அவள் தலை நிமிர்ந்தாள். அவன் அதற்குள் வெளியே போயிருந்தான்.

சன்னல் வழியே பார்த்தாள். வேனுக்குள் மூன்று பேரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். மார்வின் கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி வெளியே நின்றான். திறக்கவில்லை.