மொட்டுவும் சாப்பிடுகிற கேக்

முட்டை இல்லை, வெண்ணெய் இல்லை, பால் இல்லை, பாதாம் முந்திரி வாசனைகூட இல்லை. அப்படி ஒரு கேக் வேண்டும் என்று பேக்கரிக்காரரிடம் கேட்டால் அவர் என்ன சொல்வார்? மாமா சொன்னது இதுதான்:

"அதுக்குப் பேரு கேக் இல்லடி, செங்கல்."

கேட்டது அவருடைய அக்கா மகள். வீட்டில் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஏழு வயது நிறைகிறது. கல்யாணம் ஆகாத மாமா அக்கா வீட்டு மாடி அறையில் இருந்துகொண்டு, நாலு தெரு தள்ளியிருந்த பேக்கரிக்கு வேலைக்குப் போய் வந்தார். அவர் கைப்பக்குவத்தில் வெண்ணெய் கேக் வாயில் வைத்ததும் கரைந்துபோகும். அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

"செங்கலா இருந்தாலும் பரவால்ல மாமா. மொட்டுவும் சாப்பிடணும்."

மொட்டு வாலுவின் உயிர்த்தோழி. பள்ளிக்கூடத்தில் இருவருக்கும் ஒரே பெஞ்சு. பாலோ முட்டையோ கொட்டை வகையோ துளி வாயில் பட்டால் போதும், மொட்டுவுக்கு உதடு வீங்கிவிடும், மூச்சு இழுக்கும். அதனால் எந்தப் பிறந்தநாளுக்குப் போனாலும் அவள் கையில் வீட்டுச் சாப்பாட்டு டப்பா ஒன்று இருக்கும்.

"எல்லாரும் பாட்டுப் பாடும்போது அவளும் பாடுவா மாமா. கேக் வெட்டினதும் மட்டும் அவங்க அம்மா பக்கத்துல போய் உக்காந்துக்குவா" என்றாள் வாலு. "அவளை யாரும் போகச் சொல்லல. அவளாவே போயிடுவா."

மாமாவுக்குச் சுருக்கென்றது. அன்றைக்கே மொட்டுவின் அம்மாவுக்குப் போன் போட்டார்.

அந்த அம்மாள் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். "ஐயோ, உங்களுக்கு எதுக்குங்க சிரமம்? அவ டப்பா கொண்டு வந்துடுவா" என்றுதான் முதலில் சொன்னார். மாமா விடவில்லை. மறுநாள் வேலை முடிந்ததும் அந்த அம்மாள், யூனிஃபார்மைக்கூட மாற்றாமல், நேரே அக்கா வீட்டுச் சமையலறைக்கு வந்து நின்றார். பேருந்துக் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டிகளைப் பார்க்கிற மாதிரி அடுப்படியை ஒரு பார்வை பார்த்தார்.

"வெண்ணெய்க்குப் பதிலா போடற மார்ஜரின்லயும் பால் கலந்திருக்கும், பார்த்து வாங்கணும். கோக்கோ பவுடர் டப்பால கொட்டை வகை இருக்கலாம்னு பொடி எழுத்துல போட்டிருப்பாங்க. அப்புறம்..." கொஞ்சம் தயங்கினார். "தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க பேக்கரில வச்சுப் போட வேண்டாம். அங்க காத்துலயே முந்திரி மாவு பறக்கும்."

மாமாவுக்கு ரோஷம் வந்தது. ஆனாலும் தலையாட்டினார். அந்த அம்மாள் சொன்னது முழுக்க உண்மை.

பிறகு வீடே இந்தக் கேக்கின் பின்னால் அலைந்தது. மருந்துக் கடையில் வேலை பார்க்கும் அக்கா, மளிகைக் கடையில் ஒவ்வொரு டப்பாவையும் திருப்பித் திருப்பிப் படித்ததில் கடைக்காரருக்கே சந்தேகம் வந்துவிட்டது. புதுத் தட்டு, புதுக் கரண்டி, புதுச் சல்லடை எல்லாம் வந்து இறங்கின. மாமா முதலில் போட்டது, அவரே சொன்ன மாதிரி, அசல் செங்கல். "வாசக்கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம்" என்றார் அத்தான். இரண்டாவது நடுவில் குழிந்து உட்கார்ந்துவிட்டது. அதை அத்தான் ஸ்பூனால் தோண்டித் தின்றுவிட்டு, "புட்டிங் நல்லா இருக்கு மாப்ள" என்று வேறு சொன்னார்.

மூன்றாவது தடவை எண்ணெயும் சமையல் சோடாவும் கொஞ்சம் வினிகரும் சேர்த்தார். பிரசவ அறை வாசலில் நிற்கிற புருஷன் மாதிரி ஓவனுக்கு முன்னால் நின்றார். மாவு மெல்ல எழும்பி, வெடிக்காமல், உட்காராமல், அப்படியே நின்றது. மாமா வாலுவைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினார்.

ஞாயிறு மதியம். இரண்டு அடுக்குக் கேக், மேலே பளபளவென்று சாக்லேட் பூச்சு. மேசையில் இருந்த மற்றதெல்லாம்கூட மொட்டுவுக்கு ஆகிற பண்டங்கள்தான்: எண்ணெயில் பொரித்த பாப்கார்ன், உருளைக்கிழங்கு வறுவல், நறுக்கிய தர்ப்பூசணி. மொட்டுவும் அவள் அம்மாவும் முன்கூட்டியே வந்தார்கள். அந்த அம்மாளின் தோள்பையில் டப்பாவும் இருந்தது, மூச்சு இழுத்தால் அவசரத்துக்குப் போட ஊசியும் இருந்தது.

"இவ்ளோ வழுவழுன்னு எப்படிங்க பூசினீங்க?" என்று வியந்தார்.

பாராட்டு என்றால் மாமா பூரித்துப் போவார். சட்டென்று பூச்சுக் கத்தியை எடுத்துக் காட்டினார். "எல்லாம் இது செய்யற வேலைங்க. எத்தனை வருஷமா..."

கத்தியைத் திருப்பிப் பார்த்தார். அது பேக்கரிக் கத்தி. கேக்குக்குப் பூச்சுப் பூசும்போது கைப்பழக்கத்தில் இதைப் பையிலிருந்து எடுத்துவிட்டிருக்கிறார். தினம் தினம் பாதாம் விழுது பூசுகிற அதே கத்தி. கழுவித்தான் வைத்திருந்தார். ஆனால் மரப்பிடியும் தகடும் சேருகிற இடுக்கில் என்ன ஒட்டியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

அதற்குள் மொட்டு பலூனைக் காட்ட அம்மாவைக் கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள். சமையலறையில் மாமா மட்டும் நின்றார். ஒன்றும் ஆகாமலும் போகலாம். எதிரே அந்தக் கேக் கண்ணைப் பறித்தது. அவர் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. கூடத்துக்குப் போனார்.

"ஏங்க, மன்னிச்சுக்கோங்க. இந்தக் கேக்கை மொட்டு சாப்பிடக் கூடாது. தப்பு பண்ணிட்டேன்." கத்தி விஷயத்தை அப்படியே சொன்னார்.

அந்த அம்மாள் கோபப்படவில்லை. "பரவால்லங்க, சொன்னீங்களே. டப்பா இருக்கு" என்று பையைத் தொட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது மாமாவுக்கு. மொட்டு ஒன்றும் கேட்காமல், பழகிப்போன மாதிரி, அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

வாலு அழவில்லை. அவளும் போய் மொட்டுவை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "அப்ப எனக்கும் டப்பாலதான் வேணும்."

"யாருக்கும் டப்பா வேண்டாம்" என்றார் மாமா. "அக்கா, இதை என் ரூமுக்கு எடுத்துட்டுப் போ. நாளைக்கு பேக்கரிப் பசங்க தின்னுக்கட்டும். அத்தான், வர்ற பிள்ளைங்களை எதாவது வெளையாட்டு காட்டிப் புடிச்சு வைங்க."

குளித்தார், சட்டை மாற்றினார், மேடையைத் துடைத்தார், கையை முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்தார். திரும்பினால், மொட்டுவின் அம்மா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நிற்கிறார்.

"நான் மாவு சலிக்கிறேன். நீங்க கலக்குங்க."

"நீங்க விருந்தாளிங்க."

"சும்மா உக்காந்திருந்தா எனக்குக் கை பரபரங்குது. சல்லடை எங்க?"

பேசிக்கொண்டே இருவரும் வேலையை முடித்தார்கள். கூடத்தில் ஒரே கூச்சல். அத்தான் யானையாகி முதுகில் பிள்ளைகளைச் சுமந்ததில் மூச்சு வாங்கினார். "ஆச்சா மாப்ள? இடுப்பு போச்சு!" என்று அடிக்கொரு தரம் குரல் வந்தது.

கேக் ஆவி பறக்க வந்தது. ஆறவைக்க நேரமில்லை, பூச்சு இல்லை, அடுக்கு இல்லை. தட்டையாக ஒரே துண்டு, மேலே தூவிய பொடிச் சர்க்கரை. மெழுகுவர்த்தியைச் செருகியதும் சூட்டில் அடி இளகி அது சாய ஆரம்பித்தது. "சீக்கிரம் பாடுங்க, சீக்கிரம்!" என்று அக்கா கத்த, பிள்ளைகள் ஓட்டப்பந்தயம் மாதிரி பாடி முடித்தார்கள். மெழுகுவர்த்தி முழுசாக விழுவதற்குள் வாலு ஊதி அணைத்தாள். கூடமே அதிரச் சிரித்தது.

முதல் துண்டு மொட்டுவுக்கு. உதிர்கிற துண்டை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, அவள் வழக்கப்படி அம்மாவைப் பார்த்தாள்.

"மாவு நான்தான்டா சலிச்சேன். சாப்பிடு."

மொட்டு கடித்தாள். கண் விரிந்தது. மென்றுகொண்டே வாலுவின் காதில் என்னவோ சொன்னாள், இரண்டும் கெக்கெக்கே என்று சிரித்தன. அடுத்த துண்டுக்குக் கூட்டம் முட்டியபோது மொட்டுவை ஒரு பையன் இடித்தான். அவளும் திருப்பி இடித்துவிட்டு முன்னால் போனாள்.

அவள் அம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அக்கா ஒரு தட்டில் வறுவலும் கேக்கும் வைத்து நீட்டி, நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க. அவ எங்க கண்ணு முன்னாலதான் இருக்கா."

அந்த அம்மாள் உட்கார்ந்தார். முதலில் நாற்காலி நுனியில், பிறகு நன்றாகச் சாய்ந்து. "பிறந்தநாள் வீட்ல உக்காந்து சாப்பிட்டு எத்தனையோ வருஷமாச்சு" என்றார். சொல்லும்போது குரல் லேசாக இடறியது. மாமா அதைக் கவனிக்காத மாதிரி தர்ப்பூசணியை நறுக்கப் போனார்.

விளக்குப் போடுகிற நேரம். மற்றப் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். மொட்டுவின் அம்மாவும் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். மகளைக் காணோம். குனிந்து பார்த்தால் மேசைக்கடியில் வாலுவும் மொட்டுவும் பாப்கார்ன் கிண்ணத்துக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

கூப்பிட வாயெடுத்தவர் கூப்பிடவில்லை. பையைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார்.

"உங்களுக்கு ஒண்ணும் அவசரமில்லையே?" என்று அக்காவைக் கேட்டார். "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுமே."