பின் கியரில் பஸ் ஸ்டாண்டு வரை

எங்கள் வீட்டுக்கு ஒரே ஒரு வாசல். தெருவிலிருந்து இரண்டு மதில்களுக்கு நடுவே ஒரு சந்து உள்ளே நீளும். அது முடிகிற இடத்தில் எங்கள் கதவு, பக்கத்தில் கம்பி போட்ட ஒரு ஜன்னல். பின்புறம் அடுத்த வீட்டுச் சுவர். அந்தச் சந்தில்தான் என் சக்களத்தி நாலு வருஷமாகக் குடியிருந்தாள்.

ஜீப்பைச் சொல்கிறேன். என்னைவிட ஆறு வயது மூத்தது. இரண்டு பேரும் சேர்ந்து ஆசைப்பட்டு வாங்கியதுதான்; அதை மறைக்க மாட்டேன். அப்போது அது ஓடிற்று. நானே அதில் பழகித்தான் லைசென்ஸ் வாங்கினேன். பிறகு என் வீட்டுக்காரர், "சும்மா ஒரு தடவை பிரிச்சுப் பார்த்துட்டு மாட்டிடறேன்" என்றார். அன்றைக்குப் பிரித்ததுதான்.

முதலில் சந்தில் அதன் ஓரமாகத் தாராளமாக நடந்து போய்வந்தோம். பிறகு அகல டயர் வாங்கி மாட்டினார். அதிலிருந்து வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில்தான் நடை. கைப்பையைத் தலைக்கு மேல் தூக்கி, மதிலில் முதுகைத் தேய்த்துக்கொண்டு ஆபீஸ் போகிறவள் ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வீட்டுக்குள் மட்டும் என்ன வாழ்ந்தது? கட்டிலுக்கடியில் ரேடியேட்டர். துணி அலமாரியில் முன் விளக்குகள். குளியலறை வாளியில் மண்ணெண்ணெயில் ஊறும் பல்சக்கரங்கள். ஒரு நாள் சீப்பைத் தேடி இழுப்பறையைத் திறந்தால் உள்ளே பிஸ்டன் வளையம். அதை அப்படியே மூடிவிட்டு விரலால் தலையைக் கோதிக்கொண்டு போனேன்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நடுவில் நின்றாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். மூடிய கதவுக்கு வெளியே நின்று, "பதறாதீங்க, அஞ்சே நிமிஷம், மூச்சை நல்லா இழுத்து விடுங்க" என்று தனிக் குரலில் சொல்வார். உள்ளே அழுதுகொண்டிருப்பவர்கள்கூட அடங்கிவிடுவார்களாம். நான் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவள். ஜீப்பில் எதைக் கழற்றினாலும், அது இருந்தபடியே என்னை வரைந்து வைக்கச் சொல்வார். நாற்பத்திரண்டு தாள்கள் வரைந்திருக்கிறேன்.

எனக்குப் பதவி உயர்வு வந்தது. மலைமேல் ஒரு ஊரில் தலைமை வரைவாளர் வேலை. முதல் தடவை ஆணை வந்தபோது, "அந்த ரோட்டுக்கு நம்ம வண்டிதான் சரி. வண்டி முடியட்டும், சேர்ந்தே போயிடலாம்" என்றார். வேண்டாமென்று எழுதிக் கொடுத்தேன். இரண்டாம் தடவையும் அதே கதை. பிள்ளை பெற்றுக்கொள்வதைப் பற்றிப் பேச்செடுத்தாலும் வண்டி முடியட்டும்தான். மூன்றாவது ஆணை போன மாதம் வந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் பணியில் சேராவிட்டால் என் பெயர் பதவி உயர்வுப் பட்டியலிலிருந்தே போய்விடும். அப்புறம் ஓய்வு பெறும்வரை இதே நாற்காலி, இதே சந்து, இதே பக்கவாட்டு நடை.

"ஞாயித்துக்கிழமை நானே கொண்டுபோய் விடறேன்" என்று என் தலையில் கை வைத்துச் சொன்னார். மூன்று வாரம் பம்பரமாகச் சுழன்றார். புது பிரேக், புது ஸ்பிரிங். மலையில் கல் இடிக்கக் கூடாதென்று வண்டியை அரையடி உயர்த்தினார். அடுத்த தெரு வெல்டிங்காரர் இரண்டு நாள் வந்து போனார். மூன்றாம் நாள் அவரைக் காணோம். கேட்டதற்கு, "அவரு வேணாம், நானே பார்த்துக்கறேன்" என்றார். நம்பினேன். என் புத்தி அப்படி.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. வேடிக்கை பார்க்க வெல்டிங்காரரும் வந்திருந்தார். சந்தின் தெருப்பக்கக் கேட்டைத் திறந்துவைத்து அங்கேயே நின்றுகொண்டார். ஜீப்பின் மூக்கு தெருவைப் பார்த்து, பின்புறம் எங்கள் கதவைப் பார்த்து. நடுவில் நாலடி இடைவெளி. மேல் கூரை இன்னும் மாட்டவில்லை. நான் என் இரும்புப் பெட்டியை வாசற்படிவரை இழுத்து வந்து, உள்ளே நின்று மூச்சு வாங்கினேன். சாவியைத் திருகியதுமே இன்ஜின் பிடித்துக்கொண்டது. சொன்னால் வெட்கம், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர் முதல் கியரைப் போட்டார். குச்சி முன்னால் போவதை என் கண்ணால் பார்த்தேன். வண்டி பின்னால் வந்தது.

பெட்டியின்மேல் மோதி, அதை நசுக்கித் தள்ளிக்கொண்டு, பின்னால் தொங்கிய ஸ்டெப்னி டயர் கதவு நிலைக்குள் புகுந்து நின்றது. நான் அடுப்படிவரை துள்ளிப் போனேன். தூசி அடங்கியபோது வாசல் இல்லை. வாசலின் இடுப்புவரை டயர், அதன்மேல் கொஞ்சம் வெளிச்சம்.

ஓடிப்போய் ஜன்னலில் நின்றேன். அவர் இறங்கிப் பக்கவாட்டில் நழுவி ஜன்னலுக்கு வந்தார்.

"அடிபட்டுச்சா?"

"இல்ல. வண்டியை எடுங்க. பத்தே காலாச்சு."

"கியர் லிவர் மாறிப்போச்சு போல. பதறாத. மூச்சை நல்லா இழுத்து விடு."

அந்தக் குரல். அதை என்னிடமே எடுத்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"நான் உங்க லிஃப்ட்ல மாட்டின ஆள் இல்ல. வண்டியை எடுங்க."

வெல்டிங்காரர் அங்கிருந்தே, "ஃபோர் வீல் போட்டுப் பாருப்பா, நாலு சக்கரமும் இழுக்கும்" என்றார். போட்டார். இன்ஜின் கத்தியது, வண்டி நின்ற இடத்திலேயே காய்ச்சல் வந்தவன் போல நடுங்கியது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. தீய்ந்த வாடை வீட்டுக்குள் நிறைந்தது. அவர் அணைத்துவிட்டு இறங்கிப் பானெட்டுக்கு முன்னால் போய் நின்றார்.

"பிரிச்சாதான் தெரியும்" என்றார். "ரெண்டு மாசம் ஆகும்."

சொன்ன விதத்தில் ஒரு வருத்தமும் இல்லை.

நான் வாசலில் தரையில் உட்கார்ந்து டயருக்கு அடியில் குனிந்து பார்த்தேன். பின் சக்கரங்களை இணைக்கிற அச்சு கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. அதன் நடுக் குண்டில், எண்ணெய் வடிக்கிற நட்டு மேல்பக்கம் இருந்தது. அது கீழ்ப்பக்கம்தான் இருக்க வேண்டும். பதினேழாவது தாளில் என் கையால் வரைந்திருக்கிறேன். அச்சைத் தலைகீழாகப் புரட்டி மாட்டியிருக்கிறார். புரட்டினால் ஸ்பிரிங் உட்காரும் இடம் தானாகவே மேலே வந்துவிடும். வெட்டாமல் ஒட்டாமல் வண்டி உயர்ந்துவிடும். ஆனால் பின் சக்கரம் எதிர்த்திசையில் சுற்றும். முன் சக்கரம் தெருவுக்கு இழுக்கும், பின் சக்கரம் வீட்டுக்கு இழுக்கும்.

ஜன்னலுக்குப் போனேன். "அண்ணே, இந்த அச்சைப் புரட்டிப் போட்டா என்ன ஆகும்?"

வெல்டிங்காரர் தலையைச் சொறிந்தார். "புரட்டிட்டானா? பின்னாடி ஓடும், தங்கச்சி. அன்னைக்கே சொன்னேனே. வெட்டி ஒட்டறேன், ஒரு நாள் குடுன்னேன். வேணாம்னு அனுப்பிட்டான்."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். "உங்களுக்குத் தெரியுமா?"

பானெட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அங்கே துடைக்க ஒன்றுமில்லை.

"தெரியும்" என்றார்.

"தெரிஞ்சேவா?"

"வாசல் வரைக்கும் வரும்னு நினைக்கல. கிளட்ச்சுல கால் வழுக்கிடுச்சு." துணியை மடித்துக்கொண்டே சொன்னார்: "அந்த ஊர்ல ரெண்டு மாடிக்கு மேல ஒரு கட்டடம் கிடையாது. போய்ப் பார்த்துட்டு வந்தேன். ஒரு லிஃப்ட் கிடையாது. அங்க நான் என்ன பண்றது? உன் வீட்டுக்காரன்னு சொல்லிக்கிட்டு உட்கார்ந்திருக்கவா?"

"அதைச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ போயிடுவே."

நாலு வருஷம். இரண்டு ஆணைகள். பெறாத ஒரு பிள்ளை. எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அவர்மேல் பாதி, என்மேல் பாதி. நாற்பத்திரண்டு தாள் வரைந்தவளுக்கு இது தெரியாமல் போயிற்றே.

பெட்டி நசுங்கித் திறக்க வரவில்லை. அம்மிக்குழவியால் பூட்டை உடைத்தேன். உள்ளே இருந்ததை இரண்டு போர்வையில் மூட்டை கட்டி, டயருக்கு மேலிருந்த இடைவெளி வழியாக ஜீப்புக்குள் எறிந்தேன். பிறகு முக்காலி போட்டு, புடவையை இழுத்துச் செருகி, டயர்மேல் ஏறிக் குனிந்து உள்ளே விழுந்தேன். முழங்கை சிராய்த்தது. பின் சீட்டைத் தாண்டி ஸ்டியரிங்குக்கு வந்தால் சாவி அதிலேயே இருந்தது.

"என்ன பண்றே?" என்றார்.

"ஓரமா நில்லுங்க."

இன்ஜினைக் கிளப்பினேன். பின் சக்கரம் மட்டும் இழுக்கட்டுமென்று ஃபோர் வீலை எடுத்துவிட்டு, கிளட்சை மிதித்து, பின் கியரைப் போட்டேன். மெதுவாகக் காலை எடுத்தேன். என் சக்களத்தி கதவு நிலையிலிருந்து பிய்த்துக்கொண்டு, ஒரு முனகலோடு, முன்னால் போனாள். அவர் பின்னோக்கி நடந்து தெருவுக்கு வந்தார். வெல்டிங்காரர் கேட்டோடு ஒட்டிக்கொண்டு வழிவிட்டார்.

தெருவில் திருப்பினேன். பின் கியரில் வண்டி நடை வேகத்துக்கு மேல் போகாது. அவர் பக்கத்திலேயே நடந்து வந்தார். பஸ் ஸ்டாண்டு இரண்டு கிலோமீட்டர். மருந்துக்கடையைத் தாண்டும்போது, "சூடு ஏறுது, நிறுத்து" என்றார். பள்ளிக்கூடத்துக்கிட்டே, "கியர் பல்லு போயிடும்" என்றார். சைக்கிள்காரர்கள் எங்களை முந்திப் போனார்கள். நான் நிறுத்தவில்லை. பாலத்துக்கு அப்புறம் அவர், பின்னால் சரிந்த மூட்டையை ஒரு கையால் பிடித்தபடி நடந்தார்.

மலைக்குப் போகும் ஒரு மணி பஸ் புறப்பட நின்றது. மூட்டைகளை அவரே ஏற்றி வைத்தார். ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார். முகமெல்லாம் வேர்வை. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். சாவியை அவர் கையில் வைத்தேன்.

"நான் எப்ப வரட்டும்?" என்று கேட்டார்.

"வண்டி முடியட்டும்" என்றேன்.

கண்டக்டர் விசில் கொடுத்தார். அவர் சாவியைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றார், பஸ் முன்னால் நகர்ந்தது.